விரல் பத்து, பெயர் மூன்று: தென்னாப்பிரிக்காவில் போலீஸ் கிளியரன்ஸ் வாங்குவது பற்றி

என் மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது. டர்பனில் இந்திய நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். 1960களில் அங்கிருந்த குடும்பங்களையெல்லாம் டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்துக்கு மாற்றியபோது சிறு பிள்ளையாக இங்கே வந்தவர். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மகள் நியூசிலாந்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால், போன வருடம் ஒருநாள் விசாவுக்கு வேண்டிய காகிதங்களை எல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். பிறப்புச் சான்றிதழ், பச்சை ஐடி புத்தகம், கல்யாணச் சான்றிதழ். மூன்றும் அத்தையுடையவைதான், ஆனால் பெயர் மூன்றிலும் மூன்று விதம்.

அத்தையின் பெயர் 'மு'வில் தொடங்கும். பிறப்புச் சான்றிதழில் அதற்கு ஆங்கில 'யு' போட்டிருக்கிறது. ஐடியில் இரண்டு 'ஓ'. கல்யாணச் சான்றிதழில் இரண்டு 'ஓ'வோடு, பெயரின் கடைசியில் ஒரு 'எச்' வேறு. குடும்பப் பெயரும் அப்படித்தான். பிறந்தபோது அவருடைய அப்பாவின் பெயர். ஐடியில் மாமாவின் குடும்பப் பெயர்.

"எல்லாம் நான்தானே கண்ணு" என்றார் அத்தை. ஆமாம், எல்லாம் அவர்தான். வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். அவரைப் பார்க்காமலே, காகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கப்போகிற ஒரு விசா அதிகாரிக்கு அதை எப்படித் தெரியவைப்பது? விசாவுக்குக் கேட்கும் போலீஸ் கிளியரன்ஸை, அதாவது நம் மேல் குற்றப்பதிவு இல்லை என்ற சான்றிதழை, வாங்கப் போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். குற்றமே செய்யாதவர்கள், நான் இன்னார் என்று காட்ட முடியாமல் மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஏன் இப்படி ஆகிறது, அதிகாரி கேட்கும் ஒவ்வொரு காகிதமும் எதற்காக என்று புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் போலீஸ் கிளியரன்ஸ் கைரேகையை வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது. எந்தப் போலீஸ் நிலையத்துக்கும் போகலாம். இங்குள்ளவர்கள் இன்னும் சார்ஜ் ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஐடி அல்லது பாஸ்போர்ட்டைக் காட்டி, கட்டணம் கட்டி, 91(ஏ) என்ற படிவத்தில் பத்து விரலும் உள்ளங்கையும் பதிக்க வேண்டும். படிவம் பிரிட்டோரியாவில் உள்ள குற்றப்பதிவு மையத்துக்குப் போகும். அங்கே கணினியில் இருக்கும் குற்றவாளிகளின் ரேகைகளோடு ஒப்பிடுவார்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால், இவர் மேல் குற்றப்பதிவு இல்லை என்று சான்றிதழ் வரும். படிவம் மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து சுமார் 15 வேலை நாள் என்பது கணக்கு. போக வர ஆகும் நாட்கள் தனி.

சரி, தேடுவது விரலை வைத்துத்தான் என்றால் ஐடியை எதற்கு இவ்வளவு துருவிப் பார்க்கிறார்கள்? நானும் முதலில் இப்படித்தான் யோசித்தேன். கொஞ்சம் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். குற்றப்பதிவு உள்ளவரின் விரலைக் கணினியில் போட்டால் அவருடைய பதிவு வந்து நிற்கும். என் அத்தை போன்ற ஒருவரின் விரலைப் போட்டால் ஒன்றும் வராது. அந்த 'ஒன்றும் இல்லை' என்ற பதிலில் யார் பெயரும் இருக்காது. அதற்குப் பெயர் கொடுப்பது படிவத்தின் மேல் எழுதப்பட்டிருக்கும் பெயரும் ஐடி எண்ணும்தான். குற்றப்பதிவு உள்ள ஒருவர், தன் பெயரைப் போட்டுவிட்டு வேறொரு சுத்தமான ஆளின் விரலைப் பதிக்கவைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் ரேகை எடுக்கும் அதிகாரி உங்கள் முகத்தையும் ஐடியில் உள்ள படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார், அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுகிறார். இந்த விரல் இந்தப் பெயருக்கு உரியது என்பதற்கு அவர்தான் சாட்சி. 2010இல் வந்த ஒரு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பிறப்பு, திருமணம், ஐடி எல்லாவற்றையும் பதியும் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) துறையிடம் இருக்கும் பொதுமக்களின் ரேகைகளோடும் போலீஸ் ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டு. இருந்தாலும் முதல் சாட்சி அந்தக் கவுன்டரில் நிற்பவர்தான். அவர் கண்டிப்பாக இருந்தால் கோபப்பட வேண்டாம். அவர் அசட்டையாக இருந்தால் உங்கள் பெயரில் வேறு யாரோ விரல் வைத்துவிட்டுப் போகலாம்.

ஐடி எண்ணையும் ஒரு முறை உற்றுப் பார்ப்பது நல்லது. மொத்தம் 13 இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கும் சேர்ந்து 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் மேலே ஆண். பதினோராவது இலக்கம் 0 என்றால் குடிமக்கள், 1 என்றால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்ற வெளிநாட்டவர். எண்ணின் கடைசிப் பகுதி ஒரு காலத்தில் நாம் எந்த இனம் என்பதையும் சொன்னது. 1986ஆம் ஆண்டு அடையாளச் சட்டத்துக்குப் பிறகு அது நின்றது. கடைசி ஒற்றை இலக்கம், முன்னால் இருக்கும் பன்னிரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நடுவில் ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினால் கணக்கு உதைக்கும், கணினி ஏற்காது.

இதில் நம் பெரியவர்களுக்கு ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பிறந்த தேதி எண்ணுக்குள்ளேயே இருப்பதால், ஐடியில் தேதி தப்பாக விழுந்திருந்து அதைத் திருத்தினால் எண்ணே மாறிவிடும். அப்புறம் வங்கி, பென்ஷன், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் புது எண்ணைப் பதிய வேண்டும். வீட்டில் பிறந்து, தாமதமாகப் பதிவு செய்யப்பட்ட தலைமுறையில் இந்தத் தப்பு உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணம் என்று முடிவான பிறகு இதைத் தொட்டால் நேரம் போதாது. இப்போதே எடுத்துப் பாருங்கள்.

பெயர் எங்கே குழம்பியது

இந்தக் குழப்பத்துக்கு நூற்று அறுபது வருட வயது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் அது. 1911இல் இந்த ஏற்பாடு நிற்பதற்குள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல், டர்பன் இருக்கும் நட்டாலுக்கு வந்துவிட்டார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

அந்தக் கப்பல் பட்டியல்களின் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு அது சுலபமாக மறக்காது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம். கடைசியாக உடம்பில் உள்ள அடையாளம்: தழும்பு, மச்சம், பச்சை குத்தியது. கைரேகை வருவதற்கு முந்தைய காலத்து அடையாளச் சான்று அதுதான். ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக எழுதியது. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்கும் உதவியது.

பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். நம்முடைய 'உ'வும் 'ஊ'வும் இரண்டு 'ஓ'வாக ஆயின. முனுசாமி, குப்புசாமி, சுப்பிரமணி எல்லோரும் இரண்டு ஓக்களோடு இன்றும் டர்பன் தெருக்களில் இருக்கிறார்கள். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். படையாட்சி 'படையாச்சி' ஆனார். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. தகப்பன் பெயரை முன்னால் போட்டுக்கொள்வோம். வெள்ளைக்கார அரசாங்கத்தின் படிவத்திலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் ஒரு பிள்ளைக்குத் தகப்பன் பெயர் போனது, இன்னொரு பிள்ளைக்குத் தாத்தா பெயர், மூன்றாவதுக்குச் சாதிப் பெயர். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்கு வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கும் வீடுகள் இங்கே சகஜம். ஊரில் இருந்து வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே ஒரு வருடம் ஆயிற்று.

அப்புறம் இன்னொரு பக்கம், ஒரே குடும்பப் பெயரில் பல்லாயிரம் பேர். நாயுடு, பிள்ளை, கோவெண்டர் என்று சாட்ஸ்வர்த்தில் நின்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் யாரோ செய்த குற்றம் யார் தலையிலோ விழும். இதனாலேயே விரலை வைத்துத் தேடுவது நமக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன். நம் பெயர்கள் நம்மைச் சரியாகக் காட்டுவதில்லை.

பத்து விரலின் பழைய கதை

இப்படி நான் சொன்னபோது, பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். "பத்து விரலும் வைக்க மாட்டோம்னுதான் நம்ம ஆளுங்க ஜெயிலுக்குப் போனாங்க, தெரியுமாம்மா?" தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் மையில் தோய்ந்த விரலோடு நிற்கும்போது அது வேறு மாதிரி நினைவுக்கு வருகிறது.

விரல் ரேகையை வகைப்படுத்தித் தேடும் முறை கல்கத்தாவில் உருவானது. வங்காளத்துப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரில் அது வழங்குகிறது. கணக்கு வேலையைச் செய்தவர்கள் அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது. 1900இல் ஹென்றியை ஜோகன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் போலீஸை அமைக்க அனுப்பினார்கள். ஆறு வருடம் கழித்து, 1906இல், அந்த இரண்டு ஊர்களும் இருந்த டிரான்ஸ்வாலில் ஆசியர்களுக்கான அவசரச் சட்டம் வந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இந்தியரும் சீனரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், விரல் ரேகை கொடுக்க வேண்டும், போலீஸ்காரர் எப்போது கேட்டாலும் சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்த வருடம் செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கத்தில் கூடியவர்கள் இதற்குப் பணிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். சத்தியாகிரகம் பிறந்தது அங்கேதான்.

1907இல் அது சட்டமாகி, பதிவு அலுவலகங்கள் திறந்தபோது, வாசலில் மறியல் செய்த தொண்டர்களுக்குத் தலைமை தாங்கியவர் தம்பி நாயுடு. மொரிஷியஸில் பிறந்த தமிழர். 1908 ஜனவரியில் காந்திக்கும் டிரான்ஸ்வால் அரசாங்கத்தின் அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: கட்டாயம் வேண்டாம், இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்யட்டும். பிப்ரவரி 10 அன்று பதிவு செய்யப் போன வழியில் காந்தியை, இந்த உடன்பாட்டை எதிர்த்த மீர் ஆலம் என்ற பட்டாணியர் அடித்து வீழ்த்தினார். கூடப் போன தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. அடிபட்டுக் கிடந்த நிலையிலும் காந்தி பத்து விரல் ரேகையையும் கொடுத்தார். கட்டாயத்துக்குப் பணிந்து கொடுப்பது இழிவு, நாமாகக் கொடுப்பதில் இழிவு இல்லை என்பது அவர் நிலை. பிறகு அரசாங்கம் வாக்கைக் காப்பாற்றவில்லை என்று, ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களை ஒரு பெரிய கொப்பரையில் போட்டு எரித்தார்கள்.

இதை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பெரியவர்கள் சிலர் இன்றும் விரல் வைக்கத் தயங்குகிறார்கள். நான் என்ன திருடனா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நியாயமான நினைவு இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாமல், இன்றைக்கு இது நாமாகக் கேட்டு வாங்கும் சான்றிதழ், இந்த விரல்தான் நம்மை வேறொரு கோவெண்டரிடமிருந்து பிரித்துக் காட்டப்போகிறது என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

கல்யாணம் ஆன பெண்களுக்கு

இந்தச் சோதனையில் அதிகம் தடுமாறுபவர்கள் பெண்கள்தான். பிறந்தபோது ஒரு குடும்பப் பெயர், மணமான பின் ஒன்று, சிலருக்கு மணமுறிவுக்குப் பின் மறுபடி பழையது. கிளியரன்ஸில் இரண்டு பெயரும் வர வேண்டும் என்றால் விண்ணப்பத்தோடு கல்யாணச் சான்றிதழின் நகலையும் வைக்க வேண்டும். வெளிநாட்டு விசாவுக்கு என்றால் இரண்டு பெயரும் வருவதே நல்லது. கேட்காமல் விட்டுவிட்டு, சான்றிதழ் கைக்கு வந்த பிறகு வருந்துகிறவர்கள் உண்டு. திரும்ப முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

ஆனால் கல்யாணச் சான்றிதழே இல்லாதவர்கள்? கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடி வாழ்த்தி, நாற்பது வருடம் குடும்பம் நடத்தியிருப்பார்கள். பதிவு மட்டும் இருக்காது. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத கல்யாணங்கள் செல்லாது என்று ஆக்கியது. நம் பெண்கள் கொதித்தெழுந்து சிறைக்குப் போனார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய்ப்பட்டு, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அந்த வருடமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் நம் கல்யாணங்களுக்கு அங்கீகாரம் கிடைக்க வழி செய்தது. இருந்தும் இன்றுவரை, பதிவு பெற்ற திருமண அலுவலர் நடத்திக் கையெழுத்திடாத கோயில் கல்யாணம் ஹோம் அஃபேர்ஸ் கணினியில் ஏறாது. 2008இல் டர்பன் உயர்நீதிமன்றம் இப்படிப் பதிவாகாத இந்துக் கல்யாணத்தில் இருந்த மனைவியை, உயில் எழுதாமல் கணவர் இறந்தபோது வாரிசாக ஏற்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது சொத்து விஷயத்துக்கு. ஐடியில் பெயரை அது மாற்றாது.

ஆகவே கணவரின் குடும்பப் பெயரில் ஊரெல்லாம் அறியப்பட்ட ஒரு பெண், ஐடியில் தகப்பன் பெயரோடு இருக்கலாம். படிவத்தில் எழுத வேண்டியது ஐடியில் இருப்பது. தபால் பெட்டியில் இருக்கும் பெயரும் கோயில் ரசீதில் இருக்கும் பெயரும் இங்கே செல்லாது. நேர்மாறாகவும் நடக்கிறது: முன்பின் தெரியாத ஆளுக்கு மனைவி என்று கணினியில் ஏறிப்போன பெண்கள் இந்த நாட்டில் உண்டு, யாரோ அவர்கள் ஐடியை வைத்துச் செய்த மோசடியால். உங்கள் திருமண நிலை என்ன என்று ஹோம் அஃபேர்ஸில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கல்யாணமாகாத பெண்பிள்ளைகளும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

ஐடியே முடக்கப்பட்டவர்களின் கதை இன்னும் துயரமானது. ஒரே எண் இரண்டு பேருக்குப் போனது, சந்தேகம் வந்தது என்று துறை பல ஐடிகளை முடக்கி வைத்தது. 2024 ஜனவரியில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம், சம்பந்தப்பட்டவரிடம் முறைப்படி விளக்கம் கேட்காமல் முடக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொன்னது. உங்களுக்கு அப்படி நடந்திருந்தால், கிளியரன்ஸுக்கு முன்னால் அதைத்தான் தீர்க்க வேண்டும்.

என்னைப் போல ஊரிலிருந்து வந்தவர்களுக்கு

நான் தஞ்சாவூர்ப் பக்கம். பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இங்கே வந்ததும் ஓர் அலுவலகத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று சொல்லி, அப்பாவின் பெயரை அவர்களே எழுதிக்கொண்டார்கள். இன்னோர் இடத்தில் என் பெயரையே இரண்டு தடவை எழுதினார்கள். இரண்டு வருடம் நான் இரண்டு ஆளாக இருந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், யார் எழுதினாலும் நகர்வதற்கு முன் வாங்கிப் படித்துப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் வேலை விசாவோ நிரந்தர உரிமையோ கேட்கும்போது, 18 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று வேண்டும். இந்தியாவில் அது பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வரும். முகவரிக்குப் போலீஸ் வந்து விசாரிக்கும் முறை. இங்கே இருப்பவர்கள் பிரிட்டோரியாவில் உள்ள இந்தியத் தூதரகம், ஜோகன்னஸ்பர்க், டர்பன், கேப்டவுன் துணைத் தூதரகங்கள் வழியாகக் கேட்கலாம். விரல் கேட்கும் நாட்டில் பெயர் பிழையை விரல் ஓரளவு தாங்கும். பெயரையும் முகவரியையும் வைத்துத் தேடும் நாட்டில் ஓர் எழுத்து மாறினால் தாங்க எதுவும் இல்லை. இனிஷியலை விரித்து எழுதுவது, எழுதாமல் விடுவது, முன்னால் போடுவது, பின்னால் போடுவது, எதுவானாலும் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லாக் காகிதத்திலும் இருக்கட்டும்.

இனி விரல்

அத்தை இருபது வருடம் டர்பனில் துணி ஆலையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர். அதன் பிறகு வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்றார். வலது ஆள்காட்டி விரலில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. சார்ஜ் ஆபீஸில் இளம் வயது அதிகாரி ஒருத்தி, அத்தையின் கையைத் தன் கைக்குள் வாங்கி, ஒவ்வொரு விரலாக மையில் உருட்டினாள். முதல் விரலிலேயே அத்தை தானாக அழுத்திவிட, கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது. "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா, விரலை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றாள். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். கட்டைவிரலை உடம்பின் பக்கமாக உருட்டினாள், மற்ற விரல்களை வெளிப்பக்கமாக. நகத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஒரே ஓட்டமாக. அப்புறம் நான்கு விரலும் சேர்த்து நேராக ஒரு பதிவு. உருட்டியதும் நேராகப் பதித்ததும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால், விரல் வரிசை மாறவில்லை என்பது தெரிந்துவிடும். நாங்கள் கிளம்பும் முன் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

இந்தக் கவனம் எல்லோரிடமும் கிடைக்காது. ரேகை கலங்கியிருந்தால் பிரிட்டோரியாவில் நிராகரித்துத் திருப்புவார்கள், வாரங்கள் போய்விடும். ஆகவே நீங்களே பார்த்து, கோடுகள் தனித்தனியாகத் தெரியவில்லை என்றால் மரியாதையாக இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். பிளீச், சிமெண்ட், காரமான சோப்பு இவற்றில் புழங்கும் கைகளுக்கு இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்து, இரவில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, போகும் அன்று நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் போவது உதவும். விரலில் காயம் இருந்தாலோ, விரலே இல்லாவிட்டாலோ அதைப் படிவத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும்.

நகல்களுக்குச் சான்றொப்பம் போலீஸ் நிலையத்திலேயே இலவசமாகப் போட்டுத் தருவார்கள். பிரமாணப் பத்திரமும் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

பழைய வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள், விரல் சொல்லிவிடும். சின்ன விஷயம் என்று நினைத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி, விரலும் வைத்துவிட்டு வந்து, அது குற்றப்பதிவாகும் என்று தெரியாமலே பல வருடம் இருந்தவர்கள் நிறைய. குறிப்பிட்ட வகைக் குற்றங்களுக்குப் பத்து வருடம் கழிந்த பிறகு நீதித்துறையிடம் விண்ணப்பித்துப் பதிவை நீக்கலாம். நிறவெறிக் காலச் சட்டங்களின் கீழ் கிடைத்த தண்டனைகளை நீக்கவும் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. அந்தக் காலத்தில் போராடிச் சிறை போன தாத்தா பாட்டிகள் யாராவது இன்னும் தங்கள் பெயரில் பதிவு இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

சான்றிதழ் வந்த பிறகு, போகிற நாடு கேட்டால் பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையில், காகிதம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். தேதியும் முக்கியம், ஆறு மாதத்துக்கு மேல் பழையதைப் பல இடங்களில் வாங்குவதில்லை. எனவே மற்ற காகிதங்கள் தயாரான பிறகு இதைக் கேட்பது நல்லது.

அத்தை விஷயத்தில் நாங்கள் செய்தது இதுதான். படிவத்தில் ஐடியில் உள்ள இரண்டு 'ஓ' எழுத்தையே எழுதினோம். கல்யாணச் சான்றிதழின் நகலை வைத்து, பிறந்த குடும்பப் பெயரும் வர வேண்டும் என்று கேட்டோம். 'யு' போட்ட பெயரும் 'எச்' போட்ட பெயரும் என் ஒருத்தியுடையவைதான் என்று பிரமாணப் பத்திரம் ஒன்று எழுதி, விசா விண்ணப்பத்தோடு வைத்தோம். ஐந்து வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. குற்றப்பதிவு இல்லை என்ற வரியை அத்தை சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். "அப்பா பேரும் இருக்கு" என்றார்.